‘கிளியர்ட்’ என்றால் இறங்கலாம் என்றா அர்த்தம்? – ஓய்வுபெற்ற கன்ட்ரோலரின் பதில்கள்

இறங்க வரும் விமானங்களைத் தரையிலிருந்து ரேடியோவில் வழிநடத்தும் அப்ரோச் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளியே ஒன்றும் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி விமானம் இறங்கும் நேரத்தில் விமானிக்கும் கன்ட்ரோலருக்கும் பேச்சு எங்கே பிசகுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: இருவருமே பயிற்சி பெற்றவர்கள். பேசுவதும் நாலைந்து வார்த்தை. அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

புரியாமல் போனால் பரவாயில்லை அம்மா, ‘சே அகெயின்’ என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்து, ஆனால் வேறு வேறாகப் புரிந்தால்தான் வம்பு.

1974 டிசம்பர் 1. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள டல்லஸ் விமான நிலையத்துக்கு (டெக்சாஸ் டல்லாஸ் இல்லை, இது வேறு) டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 வந்துகொண்டிருந்தது. போயிங் 727. இன்னும் 44 மைல் இருக்கும்போதே 12ஆம் ரன்வேக்கு ‘கிளியர்ட் ஃபார் அப்ரோச்’, அதாவது ரன்வேயை நோக்கி வர அனுமதி (கிளியரன்ஸ்) என்று சொல்லிவிட்டார் கன்ட்ரோலர். விமானம் அப்போது 7,000 அடியில். ‘இனி 1,800 அடிவரை இறங்கலாம், நடுவில் மலை கிலை இருந்தால் அவரே சொல்லியிருப்பாரே’ என்பது விமானியின் கணக்கு. ‘நான் அனுமதி கொடுத்தாயிற்று, எங்கே எவ்வளவு உயரம் என்பதை அவர் சார்ட்டில், அந்த வழியின் வரைபடத்தில், பார்த்துக்கொள்வார்’ என்பது கன்ட்ரோலரின் கணக்கு.

என்னை இன்றும் உறுத்துவது காக்பிட் ஒலிப்பதிவுதான். ரவுண்ட் ஹில் என்ற புள்ளிவரை 3,400 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று சார்ட்டில் இருப்பதைக் கேப்டனே வாசிக்கிறார். வாசித்துவிட்டு, கிளியரன்ஸ் வந்துவிட்டதே, அப்படியானால் இறங்கலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். விமானம் மவுன்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தப்பு யார் மேல் என்பதில் விசாரணை வாரியமே பிரிந்தது: மூன்று பேர் விமானி மேல், இரண்டு பேர் கன்ட்ரோலர் மேல் என்றார்கள். சார்ட்டைக் கையில் வைத்திருந்தவர் விமானிதான் என்றாலும், நான் இருந்திருந்தால் அந்த இரண்டு பேர் பக்கம்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். ரேடாரில் பார்த்துக்கொண்டிருப்பவர் ஓர் உயரத்தைச் சேர்த்துச் சொல்ல இரண்டு விநாடி ஆகுமா?

அவரே மறுபடியும்: அதற்கப்புறம் ஏதாவது மாறியதா?

மாறியது. சார்ட்டில் பிரசுரமான பாதைக்குள் வரும்வரை, கன்ட்ரோலர் கடைசியாகச் சொன்ன உயரத்தை விட்டு இறங்கக் கூடாது என்று விதி வந்தது. கன்ட்ரோலரும் அந்த உயரத்தைச் சேர்த்தே கிளியரன்ஸ் தர ஆரம்பித்தார். இதைவிடக் கொடுமை, அந்த விபத்துக்குச் சுமார் ஆறு வாரம் முன்னால் யுனைடெட் விமானம் ஒன்று அதே டல்லஸில் இதே தப்பைச் செய்து தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. டிடபிள்யூஏ காரர்களுக்கு அது எட்டவில்லை. பேர் வெளியே வராமல் யாரும் தப்பை எழுதி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டை 1976இல் நாசா நடத்தத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்: எண்களைத் தப்பாகக் கேட்டு விபத்து நடந்ததுண்டா?

உங்கள் நாட்டிலேயே நடந்தது ஐயா. 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங்குக்கு வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், 747. 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கன்ட்ரோலர் ‘டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ’ என்றார். அந்த ‘டூ’ இரண்டா, ‘வரைக்கும்’ என்பதா? காதுக்கு வித்தியாசமே இல்லை. விமானி 400 என்று எடுத்துக்கொண்டு ‘ஓகே, ஃபோர் சீரோ சீரோ’ என்றார். அதைக் கீழே யாரும் திருத்தவில்லை. 437 அடி உயரத்தில் ஒரு மலைச்சரிவில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்றிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

திருத்தாததற்கு அந்தக் கன்ட்ரோலரை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு மழை நாளில் கடைசி எண்கள் 453, 435 என்று முடிகிற இரண்டு விமானங்கள் என்னிடம் இருந்தன. 453ஐ இறங்கச் சொன்னேன். பதில் சொன்னது 435. நானோ 453இன் ஸ்ட்ரிப்பில் (ஒவ்வொரு விமானத்துக்கும் வைத்திருக்கும் குறிப்புச் சீட்டு) டிக் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பயிற்சிப் பையன் முழங்கையால் இடித்தான். எதிர்பார்த்த பதில் வந்தால், யார் குரல் என்றுகூடக் காது பார்ப்பதில்லை.

திருச்சி வாசகர் ஒருவர்: அப்போ ரீட்பேக்கை, அதாவது விமானி திருப்பிச் சொல்வதை, கவனமாகக் கேட்டால் போதுமா?

போதாது. 2022 மே 23, பாரிஸ் சார்ல் து கோல். ஆல்டிமீட்டரில், அதாவது உயரம் காட்டும் கருவியில், விமானி வைக்க வேண்டிய காற்றழுத்தம் 1001. கன்ட்ரோலர் வாய் தவறி 1011 என்றார். விமானி 1011 என்று அழகாகத் திருப்பிச் சொன்னார். இப்போது யார் யாரைத் திருத்துவது? பத்து ஹெக்டாபாஸ்கல் பிசகினால் ஆல்டிமீட்டர் சுமார் 280 அடி பொய் சொல்லும். ஐஎல்எஸ் என்ற தரைக் கருவி வேலை செய்திருந்தால் அதன் ரேடியோ கற்றை சரியாக இறக்கியிருக்கும். அன்று அந்த ரன்வேயில் அது இல்லை. ஆல்டிமீட்டரை நம்பி இறங்குகிற அப்ரோச். மழை வேறு, ரன்வே தெரியவில்லை. ரன்வே தெரியாவிட்டால் மேலே திரும்ப வேண்டிய உயர எல்லை வந்துவிட்டதாக நினைத்து விமானிகள் மேலே தூக்கினார்கள். தூக்கியபோது, ரன்வேக்கு ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், தரையிலிருந்து ஆறே அடி.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: ஓர் எழுத்தால் விமானம் போயிற்றாமே, நிஜமா?

நிஜம்தான். 1980 ஏப்ரல் 25, டெனரிஃப், டான்-ஏர் 1008. காத்திருக்கும்போது இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பிச் சுற்று என்பதற்கு ‘டர்ன்ஸ்’ என்றிருக்க வேண்டும். ‘டர்ன் டு தி லெஃப்ட்’ என்றார் கன்ட்ரோலர். ஒரு முறை திரும்பு என்று எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் போனார்கள். அந்தச் சுற்று சார்ட்டிலும் இல்லை, அங்கே ரேடாரும் இல்லை. 146 பேர் இறந்தார்கள்.

மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: சென்னையில் விமானியும் கன்ட்ரோலரும் தமிழர்களாக இருந்தால் தமிழில் பேசினால் என்ன? பிசகு குறையுமே!

‘வணக்கம்’ வரைக்கும் சரி. அதற்கு மேல் ஆங்கிலம்தான் சார். அலைவரிசையில் இருப்பது இரண்டு பேர் மட்டும் இல்லை. பக்கத்தில் பறக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ‘என்னடா, நமக்கு வேற எண் சொன்னாரே’ என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதே பாரிஸில், அதே கன்ட்ரோலர், சில நிமிஷத்துக்குள் ஓர் ஏர் பிரான்ஸ் விமானத்துக்கு 1001 என்று சரியாகத்தான் சொன்னார். பிரெஞ்சில் சொன்னார்.