பீரோவில் தூங்கும் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

போன வருசம் 18-55 லென்ஸோட கேமரா வாங்குனேனுங்க. மூணு மாசம் கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்தேன். இப்ப பீரோவுல கெடக்குது. எதை எடுக்கறதுன்னே தெரியலீங்க. மறுபடி ஆர்வம் வர என்ன பண்றது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஆர்வம் வந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தால் கேமரா பீரோவிலேயேதான் இருக்கும். அடுத்து எடுக்கவேண்டிய படம் எது என்று தெரிந்தவருக்குத் தயக்கம் வராது. கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பது கேமராவைப் பழகிக்கொள்ளும் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஒரே பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் மஞ்சள் இருக்கிறது. தை, மாசியில் வெட்டு, வேகவைப்பது, களத்தில் காயப்போடுவது, மெருகேற்றுவது, ஈரோட்டில் ஏலம். இந்த வரிசையில் 12 படங்கள், சித்திரைக்குள் பிரின்ட் என்று முடிவு செய்யுங்கள். வேகவைத்த மஞ்சள் காய 10 முதல் 15 நாள் ஆகும் என்பதால், களத்துப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதப்பினாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

ஞாயிறு காலை 6.15 முதல் 7.30 வரை போதும். ஒரு முறைக்கு 36 படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அன்றைக்கே மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எது இன்னும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்: "ஆவி தெரியவில்லை", "கைகள் இல்லை", "எல்லாமே தூரத்திலிருந்து". அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான். தினம் ஒரு படம் என்ற சவாலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் கைவிடத் தோன்றும்.

மஞ்சளில் மாட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். படம் முழுக்க மஞ்சளாக இருந்தால், நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிக்கட்டப் பார்த்து நிறத்தை வெளிறச் செய்யும். 'டே லைட்'டில் வையுங்கள். கேமரா பதியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் சிவப்பு முதலில் எல்லை தாண்டி, குவியல் சொரசொரப்பே இல்லாமல் பூசிய மாதிரி ஆகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 2/3க்குக் குறைத்து, அந்த மூன்று நிறமும் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் பாருங்கள். ஆவி தெரிய வேண்டுமானால் சூரியன் ஆவிக்குப் பின்னாலும், அதற்குப் பின்னணியில் மரமோ கொட்டகையோ இருட்டாகவும் இருக்கவேண்டும். வெள்ளை வானத்தின் முன்னால் ஆவி காணாமல் போய்விடும்.

களத்துக்காரரிடம் முதல் வாரமே கேட்டுவிட்டு, இரண்டாம் வாரம் ஒரு 4x6 பிரின்ட் கொடுங்கள். அடுத்த வேக்காடு என்றைக்கு என்று அவரே போன் செய்து சொல்வார்.

ஒன்றைத் தவிருங்கள். 'கொங்கு வாழ்க்கை' மாதிரிப் பெரிய தலைப்பு எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நின்றுபோகும். அந்தியூர் குதிரைச் சந்தை அருமையான இடம்தான், ஆனால் ஆடியில் ஒரு தரம் வந்துபோவது வருசம் முழுக்கப் பொழுதுபோக்கைத் தாங்காது.

எங்க தறி குடோன்லயே படம் எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். படத்துல கறுப்புப் பட்டை பட்டையா விழுகுது, ஊடை நூலை இழுத்துட்டு நாடா ஓடறதும் தெரியல. வெறுத்துப் போச்சு.
– வாசகி, சோமனூர்

பட்டைக்குக் காரணம் ட்யூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல எல்இடி ட்யூப்கள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். ஷட்டர் வேகம் 1/250, 1/500 விநாடி என்று போனால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாகப் பதியும். 1/100 அல்லது 1/50க்கு இறங்குங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இதை இன்னும் மோசமாக்கும், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

நாடாவை 1/500ல் பிடித்தால் தறி நின்றுகிடக்கிற மாதிரி இருக்கும். 1/15ல் நாடா ஒரு கோடாக இழுபடும், பாவு நூலும் தறிச் சட்டமும் நிற்கும். இதற்கு ட்ரைபாட் உதவாது, தறி ஓடும்போது தரையே அதிரும், அதிர்வு காலில் ஏறிவிடும். லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் போட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கையிலேயே பிடியுங்கள். பத்து எடுத்தால் இரண்டு தேறும், அது போதும். நாடா ஓடும் நேர்கோட்டில் பக்கவாட்டில் நிற்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, கேமரா கண்ணில் இருக்கும்போது மறந்துவிடும். லென்ஸை குடோனுக்குள் மாற்றாதீர்கள், பஞ்சு சென்சாரில் ஒட்டும்.

கரன்ட் போகும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். தறி நிற்கும், ட்யூப் அணையும், கூரைக் கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கும் வெளிச்சம் மட்டும் இருக்கும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600ல் தொடங்கி, ஓட்டுக்குக் கீழே யாராவது உட்கார்ந்திருந்தால் எடுங்கள்.

பறவை எடுக்க ஆசை. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் ஆர்வம் நிலைக்குமா?
– வாசகர், தாராபுரம்

இரண்டு மாதம் நிலைக்கும். 55-250 லென்ஸை வாடகைக்கோ இரவலோ வாங்கி, கார்த்திகை முதல் மாசி வரை ஈரோடு பக்கம் வெள்ளோட்டுக்கும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் போய்வாருங்கள். இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலங்கள் (2022, 2024). சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறக்கும் பறவைக்கு 1/1000க்குக் குறையாத ஷட்டர் வேண்டும். கூழைக்கடா பெரிய பறவை, 250லேயே நன்றாக வரும். சீசன் முடிந்ததும் உங்கள் படங்களின் விவரத்தில் மி.மீ. எண்ணைப் பாருங்கள். தேறிய படங்களில் பெரும்பாலானவை 250ல் முட்டி நின்றால் பெரிய லென்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் லைக் குறைந்ததும் எடுக்கவே தோன்றுவதில்லை.
– வாசகர், கரூர்

மூன்று மாதம் பதிவேற்றாமல், பிரின்ட் மட்டும் போடுங்கள். 24 மெகாபிக்ஸல் படம் 12x18 அங்குலத்துக்குத் தாராளம். அந்த அளவும் 4x6ம் உங்கள் படத்தின் விகிதத்திலேயே இருக்கும், 8x10 என்றால் ஓரம் வெட்டுப்படும். லேபுக்கு அனுப்பும் முன் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் பிரின்டில் இருண்டு வரும்.

மழைக்காலத்தில் எடுக்காமல் வைத்ததில் லென்ஸுக்குள் பூஞ்சை. இனி எப்படி வைப்பது?
– வாசகர், வால்பாறை

தோல் பையில் வைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டி, அதில் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் சின்னத் தீயில் வறுத்தால் பழைய நிறம் வரும், சமையலுக்குப் புழங்கும் சட்டியில் மட்டும் வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்யும்வரை தனிப் பெட்டியில் வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைக்கச் சொல்வார்கள். அதன் மாவுத்தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும்.