முழங்காலுக்கு ஜெல்: எவ்வளவு, எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு வயது 61. தையல் மெஷின் மிதித்தே காலம் ஓட்டியவள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் என்றார். மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் ஜெல் வாங்கி, வலிக்கும்போது துளி எடுத்துத் தேய்த்து, வெந்நீர்ப் பை வைத்து, மேலே நீ கேப் மாட்டிக்கொள்கிறேன். மூன்று நாளாகியும் குணம் தெரியவில்லை. வலி தாங்காவிட்டால் கடைக்காரர் கொடுத்த வலி மாத்திரையும் போடுகிறேன். பிரஷர் மாத்திரை தினமும் உண்டு. இப்போது கை விரல்களும் காலையில் மடங்குவதில்லை. சமையல் முடிகிற வரை அப்படியே இருக்கிறது. அவற்றுக்கும் இதையே தடவலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கு இந்த வகை ஜெல்லை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பு 2019-இல் அழுத்தமாகவே பரிந்துரைத்திருக்கிறது. தடவுகிற விதத்தில்தான் கோளாறு.

முதலில் அளவு. அமெரிக்காவில் 2020 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஜெல்லுக்கு, ஒரு முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை என்று கணக்கு. இருமல் சிரப்போடு வரும் மூடியில் 5 மில்லி கோடு இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றுக் கீழே வரை பிதுக்கிப் பாருங்கள். 4 கிராம் என்பது ஏறக்குறைய அவ்வளவு. இரண்டு கால்களுக்கும் முழுக் கணக்கில் தடவினால் 30 கிராம் டியூப் ஒரு நாளைக்குக்கூடக் காணாது. அதே டியூப்பைத் தீபாவளிக்கு வாங்கிப் பொங்கலுக்கும் பிதுக்கிக்கொண்டு, "மருந்து கேட்கவில்லை டாக்டர்" என்று என்னிடம் சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் வலி அதிகமுள்ள காலில் மட்டும் தொடங்குங்கள். உங்கள் டியூப்போடு வந்த தாளில் இதைவிடக் குறைந்த அளவு போட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

மூன்று நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விளம்பரத்தில் தடவிய மறுநொடியே எழுந்து ஓடுகிறார்கள். அந்தக் குளிர்ச்சி மென்தால் தருவது, கொஞ்ச நேரத்தில் போய்விடும். டைக்ளோஃபெனாக் வேலையைக் காட்ட ஒரு வாரம்கூட ஆகலாம். வலிக்கும்போது மட்டும் என்றில்லாமல் தினமும் வேளை தவறாமல் தடவ வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்வதானால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

வெந்நீர்ப் பையை ஜெல் தடவிய இடத்தில் வைக்கவே வேண்டாம். சூடும் இறுக்கமான உறையும் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே இழுக்கும், தோலும் புண்ணாகும். ஒத்தடம் இதமாக இருக்கிறதென்றால் வேறு நேரத்தில் கொடுங்கள். தடவிய இடம் பத்து நிமிடம் காற்றாட இருக்கட்டும், ஒரு மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்கட்டும். நீ கேப்பை நடக்கும்போது போட்டால் போதும்.

எனக்குக் கவலை தருவது அந்த மாத்திரை. கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்தாகத்தான் இருக்கும். ஜெல்லில் இருந்து ரத்தத்தில் கலப்பது, விழுங்கும் மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம்தான். ஜெல்லின் லாபமே அதுதான். மேலே தடவிக்கொண்டு உள்ளேயும் விழுங்கினால் அந்த லாபம் போயிற்று. பிரஷர் மாத்திரையோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் சுமை, பிரஷரும் ஏறும். அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து வெகு நாளாகியிருந்தால் செய்துவிடுங்கள். வயிற்றுப்புண், இதயநோய், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் ஜெல்லையும் டாக்டரிடம் கேட்டே தடவ வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் உறவினர் யாராவது கேட்டால் டியூப்பைக் கடன் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊர் ஜெல்கள் பலவற்றில் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கிறது, அது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

விரல் விஷயத்தைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் படித்தது அதைத்தான். தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். சமையல் முடியும் வரை நீடிக்கிறதென்றால் ருமட்டாய்டு என்கிற முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ஜெல் வலியை மறைக்குமே தவிர, மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. விரல்களுக்கு எதையும் தடவாமல், வீக்கம் இருப்பது தெரியும்படி, இந்த வாரமே மூட்டுநோய் நிபுணரிடம் காட்டுங்கள். இ.எஸ்.ஆர்., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார். போகும்போது டியூப்பையும் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.