ஆவணத் தொகுப்பிக்கு எந்த லைப்ரரி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வரும் பள்ளி அறிக்கைகளுக்காக, நண்பர்கள் இருவருடன் சேர்ந்து திறமூல ஆவணத் தொகுப்பி (டாக்குமெண்ட் எடிட்டர்) ஒன்றை எழுதத் தொடங்கியுள்ளோம். நிரலின் திரைப்பகுதியைக் கட்ட உதவும் லைப்ரரிகளான க்யூடி, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் ஆகியவற்றில் எதை எடுப்பது? க்யூடிக்கு உரிமம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: முன்பணம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2009-இல் வந்த 4.5 பதிப்பிலிருந்து க்யூடி எல்ஜிபிஎல் என்ற இலவசத் திறமூல உரிமத்திலும் கிடைக்கிறது. நிரலை வெளிப்படையாக வெளியிடப் போகும் உங்களுக்கு வணிக உரிமம் எதற்கு? இலவசமாகக் கிடைப்பதை ரசீது போட்டு விற்கும் இத்தகைய தரகர்கள் எல்லைப்புற ஊர்களைத் தேடி வருவதற்குக் காரணம், இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை என்ற துணிச்சல்தான். அவர்களில் ஒருவர் என்னிடம் ‘தயார்நிலைத் தொகுப்பி’ ஒன்றைக் காட்டினார். ஆங்கிலத்தில் எல்லாம் பளபளத்தது. நான் ‘கொடுத்தான்’ என்று தட்டியதும் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது.

க்யூடியும் ஜிடிகேயும் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே பொறியையே நம்பியிருப்பதால், எழுத்து வடிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு அதற்கு மேலே இருக்கிறது: ஜிடிகேயின் உரைப்பெட்டியில் அட்டவணை கிடையாது, க்யூடியின் ஆவண வகுப்பில் (வகுப்பு என்பது நிரலில் ஒரு வேலைக்கான தனிக் கூறு) அட்டவணை, பட்டியல், படம் எல்லாம் உண்டு. டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் அந்தந்த இயங்குதளத்தின் கருவிகளைக் கொண்டே எழுத்தை வரைவதால், விண்டோஸில் ஒரு வரியில் அடங்கியது லினக்ஸில் மடியக்கூடும். ஆகவே க்யூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியில் எழுதுவதானால், அதிலிருந்து க்யூடியைப் பயன்படுத்த உதவும் பைசைடு போதும். ஆனால் க்யூடியில் அடிக்குறிப்பு வசதி இல்லை என்பதையும், லிப்ரே ஆபிஸ் போன்றவை பயன்படுத்தும் ஓடிடி (.odt) ஆவணக் கோப்பை அது எழுதுமே தவிரப் படிக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அதனால் கோப்பைப் படித்தல், சேமித்தல், தேடுதல் ஆகியவற்றுக்கான வகுப்புகளை க்யூடியின் எந்த வகுப்பிலிருந்தும் வருவிக்காமல் தனியே எழுதி வையுங்கள். நாளை லைப்ரரியை மாற்ற நேர்ந்தால் திரைப்பகுதி மட்டுமே மாறும்.

தேடலைத் தனியே வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு வகையில் எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேரலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் முதலாவதில் ‘க’ மிஞ்சும், இரண்டாவதில் ‘கெ’ மிஞ்சும். ஆகவே ஒரு வடிவில் தேடினால் மற்ற வடிவில் எழுதியது அகப்படாது. தேடும் சொல்லையும் ஆவணத்தையும் முதலில் யூனிகோடின் இயல்பாக்க முறையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் தீரும். அதற்கான செயற்கூறு க்யூடியிலேயே இருக்கிறது.

மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்யின் தனி வடிவங்கள்) மட்டும் இந்த மருந்து வேலை செய்யாது. ‘அவன்’ என்பதன் இறுதி எழுத்தைப் பழைய கோப்புகளில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என மூன்று குறிகளாகவே சேர்த்து எழுதியிருப்பார்கள். 2008-இல் வந்த யூனிகோட் 5.1 அதற்குத் தனிக் குறி ஒன்றைக் கொடுத்தது. இவ்விரண்டையும் யூனிகோட் விதிகள் சமமாகக் கருதுவதில்லை. எனவே இயல்பாக்கிய பிறகும் அவை வெவ்வேறாகவே இருக்கும். பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் சிறு அட்டவணை ஒன்றை நீங்களே எழுதித் தேடல் வகுப்பில் வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், பழைய அறிக்கையிலிருந்து ஒட்டிய பெயர் கண்ணெதிரே இருக்கும்போதே ‘இல்லை’ என்று தொகுப்பி சொல்லும்.

யூனிகோட் வந்து இத்தனை ஆண்டுகளான பின்னும், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில்தான் கோப்பு வேண்டும் என்று திருப்பியனுப்பிய அலுவலகம் ஒன்றில் நானே வரிசையில் நின்றிருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளருக்கும் அது நேரும். யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் மாற்றியை ஏற்றுமதிப் பகுதியில் தனி வகுப்பாக வையுங்கள். ஆவணத்துக்குள் யூனிகோடைத் தவிர வேறெதையும் சேமிக்காதீர்கள்.