கறிக்கு 8 மணி நேரம், பாஸ்தாவுக்கு 20 நிமிடம்

கேள்வி: அக்கா, துபாயிலிருந்து வந்த மகன் ஸ்லோ குக்கர், அதாவது மெல்லிய சூட்டில் வேக வைக்கிற கரண்ட் பாத்திரம், வாங்கி வந்தான். மாட்டுக்கறி, தக்காளி, பாஸ்தா எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டு 8 மணி நேரம் வைத்தேன். கறி நன்றாக இருந்தது. பாஸ்தா கூழாகிவிட்டது, குழம்பும் தண்ணீராக ஓடியது. எங்கே தப்பு?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கறியைச் சரியாகத்தான் வேக வைத்திருக்கிறீர்கள். பாஸ்தாவைத்தான் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். கால் கறியில் இருக்கிற ஜவ்வு கரைந்து குழம்போடு சேர மணிக்கணக்கில் மெல்லிய சூடு வேண்டும். பாஸ்தாவுக்கு 20 நிமிடம், மிஞ்சினால் 30.

தண்ணீர் விஷயத்தில் நானும் முதலில் ஏமாந்தேன். கேஸ் அடுப்பில் குழம்பு வைக்கிற பழக்கத்தில் 4 தம்ளர் ஊற்றிவிட்டேன். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போகாது, மூடியில் பட்டு உள்ளேயே சொட்டும். கறியும் தக்காளியும் விடுகிற தண்ணீர் வேறு. முக்கால் கிலோ கறிக்கு அரை தம்ளர் போதும்.

கடையில் பாயிடம் ஜவ்வோடு கால் கறி கேளுங்கள். வெறும் சதையாக வாங்கினால் 8 மணி நேரத்தில் நார் நாராகிவிடும். ஃப்ரீசரில் இருந்த கறி என்றால் முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். உறைந்தபடி போடக் கூடாது, சூடேற நேரமாகி அதற்குள் கெடும்.

பெரிய துண்டுகளாக வெட்டி, இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் நாலு பக்கமும் சிவக்க வறுத்தெடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், வாசனையே இதில்தான் இருக்கிறது. அதே சட்டியில் இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, சோம்பு, இடித்த மிளகு, மிளகாய்த்தூள் வதக்கி, நாலு பழுத்த தக்காளியும் உப்பும் சேர்த்துக் கறியோடு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். பாஸ்தா என்றால் இத்தாலிய மூலிகைப் பொடி தூவச் சொல்வார்கள். எனக்கு மாட்டுக்கறிக்குச் சோம்பும் மிளகும்தான் பிடிக்கும்.

லோ சூட்டில் 8 மணி நேரம். நடுவில் திறக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 20 நிமிடம் கூடுதலாகும். என் அம்மா கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு விறகை இழுத்துவிட்டு, தணலில் கறிச்சட்டியை வைத்து மூடிவிட்டுப் பூசைக்குக் கிளம்புவார். திரும்பி வரும்வரை அந்த மூடியை யாரும் தொடக் கூடாது. ஸ்லோ குக்கரும் அந்தத் தணல்தான்.

கறி விரலால் அழுத்தினாலே பிரிகிற பதம் வந்ததும் ஹைக்கு மாற்றி, 2 தம்ளர் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, கால் கிலோ பென்னே (குழாய் வடிவ பாஸ்தா) போட்டு முங்கும்படி கிளறுங்கள். பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள், மைதா பாஸ்தா சீக்கிரம் குழையும். 20 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகக் கடிபட்டால் உடனே அணைத்துவிடுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

அப்புறம், மாதாந்திர மின்தடை நாளில் இதை வைக்காதீர்கள். சமைக்கும்போது கரண்ட் போய் நீங்கள் வீட்டில் இருந்தால், உடனே கேஸுக்கு மாற்றி வேக வைத்துவிடலாம். வெளியே போயிருந்து, எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்றே தெரியாவிட்டால், வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான். பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாடு அல்லவா?

கேள்வி: இதே கறி பாஸ்தாவில் ஊறிய ராஜ்மாவையும் பச்சையாகச் சேர்க்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: கூடவே கூடாது. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் சூட்டில் அது முழுதாகப் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் நன்றாக வேக வைத்து, பாஸ்தா போடும்போது சேருங்கள்.