விசைப்படகை விற்காதீர்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் உயிரியலும் கணிதமும் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவள். நீட் மார்க் அரசு சீட்டுக்குப் போதவில்லை. "ஏஜென்ட் நமக்குத் தெரிஞ்சவர்தான், வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். சேத்துருவோம்" என்கிறார் தாய்மாமா. முன்பணம் கட்டியாயிற்று. மீதிக்கு விசைப்படகை விற்கப் பேச்சு. "தைரியமா அனுப்பலாமா சார்?" என்று கேட்டார் அப்பா.

அனுப்பாதீர்கள், அண்ணே. அங்கே படித்து வந்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு செய்ய முடியும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. சோறு போடுகிற படகை அதற்குப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதோடு, டாக்டராக ஆசை என்று உங்கள் பிள்ளை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவள் என்னிடம் காட்டியது ஒரு நோட்டு. கரையொதுங்கிய கடல்பாசியைச் சாணிக்கரைசலோடு தண்ணீர் கேனில் அடைத்து, வாயில் பலூன் கட்டி, அது எந்த நாளில் எவ்வளவு உப்பியது என்று எழுதி வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "ஏன் அழுகின முட்டை நாத்தம்?" பாசியில் கந்தகம் உண்டு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடாகி எஞ்சினை அரிக்கும். பாசியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆய்வுக்கூடங்கள் மல்லுக்கட்டும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. யாரும் சொல்லித்தராமல் அங்கே போய் நிற்கிறாள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எனர்ஜி அண்ட் என்விரான்மென்டல் இன்ஜினியரிங் என்று நான்கு வருட பி.டெக். இருக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கில் கவுன்சலிங். கோபர் கேஸ் கலன், விறகை வாயுவாக்கும் கேசிஃபையர், எத்தனால், பயோடீசல் எல்லாம் பாடத்திலேயே வரும். ஊர்ப்பக்கம் மண்டபத்தில், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கிறார்களே, அந்தக் கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்து சாற்றை உரமாக்கி, சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் அந்த நிறுவனத்தார்தான்.

வெளிநாடும் இந்த வழியிலேயே வரும். சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் 1978 முதல் நாடுகள் உயிரி ஆற்றல் ஆய்வை, அதாவது பயிர், பாசி, சாணம் போன்றவற்றிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆய்வை, கூட்டாக நடத்துகின்றன. இந்தியாவும் அதில் உறுப்பினர். 2023 செப்டம்பரில் டெல்லி ஜி20 மாநாட்டில் உலக உயிரி எரிபொருள் கூட்டணியும் தொடங்கியது. பிரேசில் கரும்பு எத்தனாலில் கைதேர்ந்தது, ஐரோப்பியர் குளிர்கடல் பாசியை அறிந்தவர்கள். மன்னார் வளைகுடாப் பாசியைத் தொட்டு வளர்ந்த ஆராய்ச்சியாளருக்கு அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு. முதுகலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் வரும். போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டால் இங்கேயே முதுகலை முடித்து, ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி மாதம் 37,000 ரூபாயில் ஆராய்ச்சி செய்யலாம். எதற்கும் படகு போகாது.

பாசி எரிபொருள் இன்னும் சந்தை விலைக்கு இறங்கவில்லை. முதல் வேலை எத்தனால் ஆலையிலோ, உயிரி வாயுவைச் சுத்திகரித்து அழுத்தி அடைக்கும் சிபிஜி ஆலையிலோ அமையலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன், முகம் வாடவில்லை.

மச்சான் கோபிப்பார், கோபிக்கட்டும். முன்பணத்தை இந்த வாரமே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.