'கேரியர்' என்றால் ஒதுக்கிவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் லேப்ரடார் பெட்டைக்கு 3 வயது. இணை சேர்ப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்ததில், பிஆர்ஏ என்ற கண் நோய்க்கு 'கேரியர்' என்று வந்திருக்கிறது. ஆண் நாய்க்காரரோ, "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, டெஸ்ட் எதுக்கு?" என்கிறார். இவளுக்குக் கருத்தடை செய்துவிடலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. உங்கள் பெண்ணுக்கு அந்த நோய் இல்லை, வரப்போவதும் இல்லை. பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் விழித்திரை கெடும். இவளிடம் இருப்பது ஒன்றுதான். இப்படி ஒன்றை மட்டும் சுமக்கும் நாயைத்தான் 'கேரியர்' என்கிறோம்.

ஆண் நாய்க்காரர் சொல்வதில்தான் ஆபத்து. லேப்ரடாரில் இந்த நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் வெளியே தெரியும். முதலில் இருட்டில் தடுமாறும், அப்புறம் பகலிலும் பார்வை போய்விடும். சிகிச்சை கிடையாது. அதற்குள் அந்த நாய் இரண்டு மூன்று ஈத்துக்குத் தகப்பனாகியிருக்கும்! "நல்லாத்தானே இருக்கு" என்பதெல்லாம் ஒரு சான்றா?

அவருடைய நாயும் கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. பழுதில்லாத 'க்ளியர்' நாயாக இருந்தால் ஒரு குட்டிக்கும் வராது. பாதிக் குட்டிகள் கேரியராகலாம், அவ்வளவுதான். வாங்குபவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கேரியர்களை எல்லாம் ஒதுக்கிக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் சில நாய்களுக்குள்ளேயே இணை சேர்த்துப் புதுக் கோளாறுகளை வரவழைப்போம்.

அவர் ரிப்போர்ட் காட்டினால், உங்கள் நாய்க்குச் செய்த அதே பரிசோதனைதானா, அதாவது பிஆர்சிடி என்ற பிஆர்ஏ வகைக்கானதுதானா என்று பாருங்கள். பிஆர்ஏவில் பல வகை உண்டு. நாயின் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பின் அடையாள எண்ணையும் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு எச்சில்தானே எடுக்கிறார்கள்; எண் இல்லையென்றால் அது எந்த நாயின் எச்சிலோ, யார் கண்டது?

இன்னொன்று, இடுப்பு மூட்டுக் கோளாறு. லேப்ரடாரில் இது சகஜம். பல மரபணுக்களோடு உடல் எடையும் வளர்ப்பும் சேர்ந்து வரும் சிக்கல் என்பதால், எச்சில் பரிசோதனையில் பிடிபடாது. 2 வயது முடிந்த நாய்க்கு எக்ஸ்ரேதான் வழி. இரண்டு நாய்களுக்கும் எடுக்க வேண்டும். உங்களுடையது இணை சேரும் பருவத்தில் இருக்கும்போது எடுக்காதீர்கள், மூட்டு தளர்ந்து தெரியலாம்.

அவர் எதற்கும் ஒத்துவரவில்லையா? வேறு ஆண் நாய் பாருங்கள். கொங்கு நாட்டில் லேப்ரடாருக்கா பஞ்சம்!