வாசகர் கேள்வி-பதில்: ஹென்றி ஃபோர்டு அப்படி என்னதான் செய்தார்?

கேள்வி: ஐயா, புக்கிட் தீமாவில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கு வகுப்போடு போயிருந்தோம். அங்கே போர்க்காலக் கதைதான் நிறைய இருந்தது. காரைக் கண்டுபிடித்தவரே ஃபோர்டு இல்லை என்கிறான் நண்பன். அப்புறம் ஏன் அவருக்கு இவ்வளவு பேர்?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: நண்பன் சொன்னது சரிதான் தம்பி. பெட்ரோலில் ஓடும் காருக்கு ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபோர்டு செய்தது, வசதியானவர்கள் மட்டும் வாங்கிய காரைச் சாதாரண விவசாயியும் வாங்கும் விலைக்கு இறக்கியது. 1908இல் அவருடைய மாடல் டி கார் வந்தபோது விலை 850 டாலர், 1925இல் அதுவே 260! விலை இறங்க உதவியது, வேலையைப் பிரித்து வரிசையாகச் செய்யும் முறை. அதை 1913இல் அவருடைய ஹைலண்ட் பார்க் ஆலையில் முதலில் மேக்னெட்டோ என்ற, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சின்ன பாகத்தில்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் ஆள் தனியாகச் செய்ய 20 நிமிடம் பிடித்ததை 29 வேலையாகப் பிரித்து, ஆட்களை வரிசையாக நிறுத்தியதும் 13 நிமிடம் போதுமாக இருந்தது. அப்புறம் சேஸி என்ற வண்டியின் அடிச்சட்டத்துக்கும் அதே முறை, ஆள் வண்டியைத் தேடிப் போகாமல் வண்டி நகர்ந்து ஆளிடம் வந்தது, 12 மணி நேரத்துக்கு மேல் இழுத்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இதை அவர் ஒருவரே யோசித்தார் என்று நினைத்துவிடாதீர்கள், அவருடைய பொறியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நீங்கள் பார்த்த கட்டடம் 1941இல் திறந்தது, ஃபோர்டு நிறுவனத்தின் கார் பொருத்தும் ஆலை. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்ததும் அங்கேதான். போருக்குப் பிறகு 1980 வரை அங்கே கார் வேலை நடந்தது.

கேள்வி: 1914இல் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர் கொடுத்தாரே, நல்ல மனசுதானே?
- வாசகி, ஜூரோங்

பதில்: கூலி ஏறக்குறைய இரட்டிப்பானது, வேலையும் 8 மணி நேரமானது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை அம்மா. ஆனால் அதற்கு முந்தைய வருடம் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒரே திருகை முடுக்கிச் சலித்துப்போய் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைப் பிடித்துவைக்கத்தான் அந்தக் கூலி. அதுவும் சும்மா கிடைக்கவில்லை, குடிக்கிறாரா, வீடு சுத்தமா என்று வீடு தேடி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். தொழிற்சங்கத்தை 1941 வரை ஏற்கவில்லை, 1937இல் துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத்தினரை அவருடைய ஆட்கள் அடித்தார்கள். தம்முடைய பத்திரிகையில் யூதர்களைப் பழித்து வருடக்கணக்கில் எழுதவைத்தார், அதற்கு 1927இல் மன்னிப்புக் கேட்டவர் 1938இல் நாஜி அரசு கொடுத்த விருதை வாங்கிக்கொண்டார். கூலியை உயர்த்தினார் என்பதற்காக இதை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.